ஒரே ஒரு ர்

வெள்ளை. கண் போகிற மட்டும் வெள்ளை.

மேலே ஒரு சூரியன். பாத்திக்குள் உடைந்து கிடக்கிற சூரியன் ஆயிரம். நிமிர்ந்தாலும் எரிகிறது, குனிந்தாலும் எரிகிறது.

வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று கோயிலில் பாடுகிறார்கள். பாடட்டும். மின்விசிறிக்குக் கீழே நின்று பாடுகிறவர்களுக்கு வெளிச்சத்தைப் பற்றி என்ன தெரியும்? சித்திரை மாதம், மத்தியானம் பன்னிரண்டு மணி, உப்புப் பாத்திக்குள் ஒரே ஒரு நாள் வந்து நிற்கட்டும். அப்புறம் பாடச் சொல்லுங்கள், கேட்போம்.

நான் ரெபெக்காள். தூத்துக்குடிக்குத் தெற்கே, இந்த அளத்தில் இருபத்தாறு வருடமாக உப்பு வாருகிறேன். பாதம் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் உப்பு ஏறும். ஏறினால் உயிர் போகும். போன உயிர் மறுபடி வந்து, மறுநாளும் வேலைக்குப் போகும்.

கோயிலில் ஓர் இயேசு இருக்கிறார். அவருக்குப் பாதத்தில் வெடிப்பே கிடையாது.

பலிபீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடியில் நிற்கிறார். வெள்ளை அங்கி. பொன் கிரீடம். கையில் செங்கோல். காலுக்குக் கீழே மேகம். காலையில் வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது ஆளே தகதகவென்று எரிவார். சபை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

நான் காலைத்தான் பார்ப்பேன். வழுவழுவென்று இருக்கும். நாலு எட்டு வெறுங்காலோடு நடந்த கால் இல்லை அது. ஆணி இறங்கிய இடத்தில் அழகாக ஒரு சிவப்புப் பொட்டு. புண் என்றால் அப்படியா இருக்கும்? புண் வைத்திருக்கிறவர்களைக் கேட்டு வரைந்திருக்கக் கூடாதா?

"என்ன கம்பீரம், என்ன மகிமை" என்று உருகுவார் எங்கள் சபைச் செயலாளர் எட்வின் துரைப்பாண்டி. உருகட்டும். அவருக்கு அப்படி ஓர் இயேசு வேண்டியிருக்கிறது. முன்வரிசையில் உட்கார்கிறவருக்கு ராஜா இருந்தால்தானே மந்திரியாக இருக்கலாம்.

என் இயேசு வேறு.

என் இயேசு பாத்திக்குள் கூடவே நிற்கும். நான் உப்பு வாரும் பலகையை இழுக்க, அதுவும் இழுக்கும். அது, இது என்கிறேனே என்று முறைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் வீட்டு ஆளை, நெஞ்சுக்கு நெருங்கினவர்களை அப்படித்தான் சொல்லுவோம்.

காலையிலிருந்து சாயந்திரம் வரை பேச்சுதான். "யேசுவே, ஒரு துண்டு மேகத்தை இழுத்து விட்டா கொறஞ்சா போயிருவே?" என்பேன். "பேசாம நிக்கியே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பேன். கால் வெடிப்பில் உப்பு ஏறினால் "யேசுவே, நீ பாத்துக்கிட்டுத்தான் நிக்கியா?" என்று கத்துவேன். ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஒருநாளும் கோபித்ததும் இல்லை.

நீ. என் வாயில் அதற்கு எப்போதும் நீ.

கோயிலில் அந்த ஒரு சொல் ஆகாது. கோயிலில் எல்லாருக்கும் அவர் நீர். தந்தீர், காத்தீர், நடத்தினீர், உமக்கே, உம்மையே. ஜெபம் என்றால் ஒவ்வொரு வரியும் ஈர் ஈர் என்று இழுபடும். அதுதான் மரியாதை. அதுதான் மகத்துவம்.

ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு.

என் வீட்டுக்காரர் ஞானராஜும் அவருடைய தம்பி சாமுவேலும் ஒரு தட்டில் தின்று வளர்ந்தவர்கள். ஏலே, வாலே, நீ, உன்னை. முப்பத்தைந்து வருடம் அப்படித்தான். ஒருநாள் ஒரு முழம் எல்லைக்குச் சண்டை. கையை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. அண்ணன்காரர் தம்பியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "சரி வே. நீரு உம்ம எடத்துல இரும். நான் எங்க எடத்துல இருக்கேன்."

அவ்வளவுதான். சாமுவேலுக்கு முகம் செத்துப்போனது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். நீர் என்று சொன்ன பிறகு அந்த வீட்டில் அவன் கை நனைக்கவே இல்லை.

உப்புக்காரிக்கு இது புரியும். நீர் பட்டால் உப்பு நிற்காது. உறவும் நிற்காது.

அப்புறம் மழை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பங்குனியில், காலம் தப்பி வந்த மழை. ஊரார் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் உப்பை மூட ஓடுவோம். குவியலுக்கு ஓலை போட ஓடினார் ஞானராஜ். பாதி மூடினார். ஒரு மின்னல். அந்த வெள்ளையிலேயே பெரிய வெள்ளை.

நான் போகும்போது அவர் படுத்திருந்தார். தலைமாட்டில் உப்பு கரைந்துகொண்டிருந்தது.

அடக்க ஆராதனையில் ஐயர் பேசினார். எங்கள் குருவானவரை ஐயர் என்போம். "கர்த்தர் தம்முடைய மகிமைக்காக எடுத்துக்கொண்டார்" என்றார். மகிமைக்கு உப்பளத்துக்காரன்தான் கிடைத்தானா? கேட்கவில்லை. பாத்திக்குப் போய் என் இயேசுவைத்தான் கேட்டேன். ஏசாத ஏச்சு இல்லை. அது கேட்டுக்கொண்டு நின்றது. அதனால்தான் நான் இரண்டு வருடம் உயிரோடு இருந்தேன். வேறெதனாலும் இல்லை.

இந்த வருடம் என் மகள் பெனினாளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், பள்ளிக்கூட வாத்தியார். வீட்டார் ஜெபம், உபவாசம் என்று இருக்கிறவர்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஆராதனை நடுவில் வாசிப்பார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோயிலில் கல்யாணம் இல்லை.

முதல் ஓலை வாசித்தாயிற்று.

சனிக்கிழமை மறுபடி மழை. சித்திரையில். இடி, மின்னல், எல்லாம். நான் பாத்தி வரப்பில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் மழையை வைத்தே பிரசங்கம் பண்ணினார். இயேசு ராஜாவின் மகத்துவம். இடி அவருடைய கட்டியக்காரன். மின்னல் அவர் கையில் இருக்கிற செங்கோல். நேற்று அவர் நம் ஊர் வழியாகப் பவனி போனார், கண்டீர்களா என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். கண்ணாடியில் இருந்தவர் செங்கோலோடு நின்றார்.

செங்கோலா? அப்படியென்றால் என் வீட்டுக்காரரை அடித்தது அதுவா?

அன்றைக்கே இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். காதில் விழவில்லை எனக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டம். ஒவ்வொருத்தியாக மழைக்கு நன்றி சொன்னார்கள். மழையைத் தந்தீர், மண்ணைக் குளிர்வித்தீர். என் முறை வந்தது. கண்ணை மூடினேன். வாய் தானாகத் திறந்தது.

"யேசுவே. நீ அந்தக் கண்ணாடிய விட்டு எறங்கி வா. வந்து சொல்லு. அந்த மின்னல் ஒன் கையில இருந்துச்சா இல்லியா? இருந்துச்சுன்னா நீ எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாத. இல்லன்னா, அந்த ஐயர்ட்டப் போய் சொல்லு, நான் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு."

ஆமென் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐயர், செயலாளர், இன்னும் இரண்டு பேர். கேள்வி கேட்டதற்குத் தண்டனை இல்லையாம். துக்கத்தில் பேசிவிட்டாளாம், மன்னிக்கலாமாம். ஆனால் அந்த நீ. அதுதான் தேவதூஷணம். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று முறையாக மன்னிப்பு ஜெபம் பண்ண வேண்டும். பண்ணினால் மூன்றாம் ஓலை. இல்லையென்றால் இல்லை.

"கலெக்டரு வந்தா நீன்னு கூப்பிடுவியா ரெபெக்கா?" என்றார் எட்வின் துரைப்பாண்டி.

"கலெக்டரு எனக்காவச் சாகலியே அண்ணாச்சி."

ஐயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் ராஜாதி ராஜா அம்மா. அதை மறக்கக் கூடாது."

"எனக்காவ உயிர விட்டாருன்னு நீங்கதான சொல்லித் தந்திய? நமக்காவ உயிர விட்ட ஆளப் போய் யாராவது நீருன்னு கூப்பிடுவாவளா ஐயா?"

ஐயர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஞாயிறு காலை எட்டு மணி, முன்னாலேயே வந்துவிடு என்றார்கள்.

வீட்டில் பெனினாள் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். ஊசி நின்றது.

"நான் போய் நிக்க மாட்டேன்ட்டி" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது, நாலு பேரை ஏசி, ஆறியிருப்பேன். கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். "எம்மா. நீக்குப் பின்னால ஒரே ஒரு ர். அத மட்டும் சேத்துச் சொல்லும்மா. ஒரு எழுத்துதான?"

ஒரு எழுத்துதான். ஒரு முழம் நிலம்தான் என்று இவள் அப்பாவுக்கும் அன்றைக்கு யாரோ சொல்லியிருப்பார்கள்.

அவளுடைய விரல்களைப் பார்த்தேன். உப்பு படாத விரல். பாத்திக்குள் இவளை இறக்கவே கூடாது என்று நானும் அவரும் வளர்த்த விரல். இந்தக் கல்யாணம் நின்றால் இவள் எங்கே போவாள்? என்னோடு அளத்துக்குத்தான் வருவாள்.

சரி என்றேன்.

ஞாயிறு. எட்டு மணி வெயில் கண்ணாடியில் அடித்தது. ராஜா எரிந்துகொண்டிருந்தார்.

சபை நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கச் சாமுவேல் சம்மதித்திருந்தான். மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

முன்னால் போய் நின்றேன். முழங்கால் போட்டேன். கண்ணை மூடவில்லை. அந்த வழுவழுத்த காலையும் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், தரையில், பாத்திக்குள் எப்போதும் கூட நிற்குமே, அந்த இடத்தைப் பார்த்துத்தான் பேசினேன்.

"இயேசுவே. நீர் பெரியவர். நீர் ராஜா. நான் தெரியாம உம்ம நீன்னு சொல்லிட்டேன். இத்தன வருசமாச் சொல்லிட்டேன். இனிச் சொல்ல மாட்டேன். நீர் உம்ம எடத்துல இரும். நான் எங்க எடத்துல இருக்கேன். ஆமென்."

ஆமென் என்று கோயில் அதிர்ந்தது. யாரோ விம்மினார்கள். எட்வின் துரைப்பாண்டி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன தாழ்மை" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். ஐயர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

சாமுவேல் மட்டும் ஆமென் சொல்லவில்லை. எழுந்து நின்று என்னைப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "மயினி" என்று வாயசைத்தான்.

மூன்றாம் ஓலையை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் இல்லை.

வியாழக்கிழமை கல்யாணம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெனினாள் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை முழங்கால் போடச் சொன்னாலும் போடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை அளத்துக்குப் போனேன். மழை வடிந்து பாத்தியில் மறுபடி உப்பு பூத்திருந்தது. பலகையை இழுத்தேன். ஒரு பாத்தி. இரண்டு பாத்தி. சத்தமே இல்லாமல் வேலை பார்ப்பது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு வலது கால் வெடிப்புக்குள் உப்பு ஏறியது. "யே..." என்று வாய் திறந்தது.

திறந்தது. அப்படியே நின்றது.

அடுத்த பாத்தியில் வாரிக்கொண்டிருந்த செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். "யாரக்கா கூப்பிட்டிய?"

"யாரையும் இல்ல" என்றேன்.