வெற்றிலை மெல்லாத குரங்கு

ஜியாவுல்லா சாரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. மனிதருக்குக் கோபமே வராது. நான் தொண்டை கிழியக் கத்துவேன், அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார். கத்தி முடித்ததும், "சரி அன்பு, இப்ப இந்த ஷாட்டப் பாரு" என்பார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

நான் அன்புச்செல்வி. ஊர் கீழ்பென்னாத்தூர். பக்கத்து டவுனில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து கேக் தின்னும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறதே கார்ட்டூன் ஸ்டுடியோ, அதற்கு நான்தான் மேனேஜர். எந்த எபிசோடு எப்போது போக வேண்டும், யார் எதை வரைய வேண்டும், லீவு கேட்டால் யாரைத் திட்ட வேண்டும், எல்லாம் என் தலையில். ஸ்டுடியோவும் படமும் சாருடையது.

சார் சென்னையில் பாதி வாழ்க்கையை இந்தத் தொழிலில் கழித்தவர். ஒரு கம்பெனியில் கடைசி ஆளாகச் சேர்ந்து டைரக்டர் வரை வந்தார். எல்லாம் வெளிநாட்டு டிவிக்குச் செய்த தொடர்கள். அவர்கள் இங்கிலீஷில் குரலை அனுப்புவார்கள், இவர் அதற்கேற்ப பூனைக்கும் நாய்க்கும் வாயசைக்க வைப்பார். பிறகு அதே படங்கள் தமிழ் பேசிக்கொண்டு நம் டிவிக்கு வரும். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். யாருக்கு என்ன? பிள்ளைகள் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

சாரின் தங்கை உம்மே ஹானி மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து அவருக்குக் காது போய்விட்டது. கொஞ்சம் கட்டைக் குரலில் பேசுவார், பழகினால் புரியும். எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். அதனால் அந்த வீட்டில் யாரும் முதுகைக் காட்டிப் பேச மாட்டார்கள். தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்றுதான் பேச்சு. சண்டை போட்டால்கூட அப்படித்தான். அண்ணன் செய்த படம் என்று ஹானி அக்கா ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். அந்த உதடுகளில் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பிடிபடாது. பார்த்துவிட்டு ஒரே பேச்சுதான்: "உன் பொம்மைங்க எல்லாம் வெத்தல மெல்லுது, அண்ணா."

சார் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சென்னையை விட்டு வந்து இங்கே ஸ்டுடியோ போட்டதே அதற்காகத்தான். தன் படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று தங்கை ஒரு தடவையாவது டிவியில் பார்த்துத் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அந்த மனிதருக்குக் கிடையாது.

எங்கள் சொந்தத் தொடர் சொப்பு என்ற குரங்கைப் பற்றியது. சொப்பு, டவுன் பஸ் கண்டக்டர். சில்லறை இல்லாதவர்களிடம் மல்லாட்டை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். ஆட்டோ ஓட்டும் சக்திவேல் அண்ணன்தான் குரங்குக்குக் குரல். அவர் வாயைத் திறந்தாலே ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் சிரிக்கும்.

இந்தத் தொழிலில் வாய் வரைவதுதான் பெரிய ரோதனை. அதனால் எல்லாரும் ஒரு தில்லுமுல்லு செய்வார்கள். பேசுகிறவனின் முதுகைக் காட்டுவார்கள், இல்லை, கேட்கிறவனின் முகத்தைக் காட்டுவார்கள். வேலை ரொம்பக் கம்மி. எங்கள் சார் அது கூடவே கூடாது என்றுவிட்டார். பேசுகிற குரங்கு நம்மைப் பார்த்துத்தான் பேச வேண்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு சரியாக இருக்க வேண்டும். எங்கள் ஆர்ட்டிஸ்ட் தென்றல் மேஜையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க "மல்லாட்ட, மல்லாட்ட" என்று சொல்லிச் சொல்லி வரைந்தாள். கீழே கேக் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து, மேலே வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அவரைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் எபிசோடு ஞாயிறு காலை டிவியில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை, சார் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் சேனலிலிருந்து தேவிப்ரியா என்ற அம்மா போன் செய்தார். தேன் ஒழுகப் பேசினார்.

"பேச்சு ரொம்ப லோக்கலா இருக்கு மேடம். நாங்களே இங்க வேற வாய்ஸ் போட்டுட்டோம். வாய மட்டும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி நாளைக்கு அனுப்பிடுங்க."

அனுப்பிய குரலைப் போட்டுக் கேட்டேன். "சில்லறை இல்லையென்றால் வேர்க்கடலை தாருங்கள், நண்பர்களே!" அட கண்றாவியே! எந்த ஊர்க் கண்டக்டர் பயணிகளை நண்பர்களே என்கிறான்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் என்ன செய்ய? திரும்ப வரைய நேரம் இல்லை. குரலைக் கொடுத்தால் தானாக வாயசைக்கும் சாப்ட்வேர் எங்களிடம் இருந்தது. சத்தம் வந்தால் வாய் திறக்கும், நின்றால் மூடும். காது கேட்கிறவர்களுக்கு அது போதும். சார் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, "ஒரே ஒரு பட்டன் சார், தட்டிட்டு அனுப்பிடலாம்" என்றேன்.

சார் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வேணாம். நாம வரஞ்ச வாயே இருக்கட்டும்."

சாதாரண நாளில் நான் சார் என்பேன், கோபம் வந்தால் பாய் என்பேன். "பாய், விளையாடுறீங்களா? கொரங்கு ஒண்ணு பேசும், வாய் ஒண்ணு பேசும். டைரக்டருக்கு வாயசைவுகூடத் தெரியலன்னு உங்க பேருதான் நாறிப்போவும். அடுத்த எபிசோடு குடுக்க மாட்டாங்க!"

"குடுக்காட்டிப் போறாங்க. பட்டனத் தட்டுனா சொப்பும் வெத்தல மெல்லும். அதுக்கா நான் ஊருக்கு வந்தேன்?"

"அக்காவுக்கு நம்ம கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுங்களேன்!"

"அது வேற அன்பு. நாங்க எல்லாம் டிவி பாத்துச் சிரிப்போம். அவ எங்க மூஞ்சியப் பாத்துட்டு, அப்புறமா சிரிப்பா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். ஊரே பாக்கற படத்துல ஒரு தடவையாவது அவ முந்திச் சிரிக்கட்டும்."

வாயை மாற்ற முடியாது என்று சேனலுக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் புதுக் குரலோடு அப்படியே போடுகிறோம், கெட்ட பெயர் உங்களுக்குத்தான் என்றார்கள்.

ஞாயிறு காலை எல்லாரும் சார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். படம் ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்கவே சகிக்கவில்லை. உதடு மல்லாட்டை என்கிறது, டிவி வேர்க்கடலை என்கிறது. தென்றல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சக்திவேல் அண்ணன், குரல் பறிபோனவர், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரங்குக்குப் பல்வலியா என்று யாரோ கேட்டிருந்ததை என் போன் காட்டியது.

அப்போது ஹானி அக்கா சிரித்தார். தொடையில் அடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. புதுக் குரலில் அந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அக்கா வழக்கம்போலத் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். எல்லாம் இழவு வீட்டு முகங்கள். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. தான்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்துவிட்டார். ஐயோ, முதல் தடவையாக எல்லாருக்கும் முந்திச் சிரித்தவரை இப்படியா விடுவது?

ரிமோட்டைப் பிடுங்கி டிவி சத்தத்தை நிறுத்தினேன். போய் அக்கா தோளைத் தொட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி நின்றேன்.

"எங்களுக்குப் புரியலக்கா. கொரங்கு என்ன சொல்லுச்சு? நீங்க சொல்லுங்க."

அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கட்டைக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சில்லற இல்லன்னா மல்லாட்ட குடு. மல்லாட்டயும் இல்லன்னா எறங்கி பஸ்ஸத் தள்ளு!"

"அதேதான்! நான் பேசுனது அதேதான்!" என்று சக்திவேல் அண்ணன் துள்ளி எழுந்தார். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அக்காவுக்கு அப்புறமாக. அதன்பிறகு படம் முழுக்க அக்காதான் பேசினார். அவர் சொல்வார், நாங்கள் சிரிப்போம். சில இடம் அவருக்குப் பிடிபடவில்லை. குரங்கு திரும்பிக்கொண்ட ஒரு இடத்தில், "இங்க ஏன் முதுகக் காட்டுது?" என்று தென்றலைத் திட்டவும் செய்தார். என் போனில் தேவிப்ரியா அழைத்துக்கொண்டே இருந்தார். கிடக்கட்டும் என்று கவிழ்த்து வைத்தேன்.

சார் எங்கே என்று பார்த்தால், எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. கோபமே வராத மனிதருக்கு அழுகை மட்டும் வரும் போலிருக்கிறது. அக்கா எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார்.

"முதுகக் காட்டாத அண்ணா. என்ன சொல்ற?"

சார் திரும்பினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் என்ன சொன்னார் என்று எங்கள் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் தெரிந்தது. "சரி, சரி. ஜாஸ்தி பேசாத" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தார். "இன்னும் முடியல. படத்தப் பாரு."