பூட்டி வைத்த மோதல்கள்

அணுக்கருக்கள் மோதினால் தெறிக்கும் துகள்களை, மோதுவதற்கு முன்பே ஒன்று விடாமல் எண்ணிச் சொன்னவன் இந்த அண்டத்திலேயே நான் ஒருவன்தான். இயற்கைக்கே தெரியாத கணக்கு அது.

ஈயக் கருக்கள் இரண்டு முழு வேகத்தில் மோதினால் எத்தனை துகள் பிறக்கும் என்று கணினியில் மோதவிட்டுப் பார்க்கும் நிரலை எழுதியவன் நான். எழுதி எழுதி என் தலைமுடியில் பாதி விசைப்பலகைக்குள் போயிற்று. குடல்வால் அறுவைக்காக நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்து, எங்கள் துறையில் என்னோடு வேலை பார்க்கும் மயில் அதைத் தன் பெயரில் வெளியிட்டுவிட்டது. நடக்கும்போது கோட்டு பின்னால் விரியும், அதனால் மயில். அந்த நிரலைக் காட்டியே இயக்குநர் நாற்காலிக்கும் அடிபோட்டது. நான் மூச்சுவிடவில்லை. பழியை ஆற அமர ருசிக்க வேண்டும்.

தேர்வுக் குழுவின் முன் நிரலை ஓட்டவிட்டு மயில் அகவியது: "ஒவ்வொரு மோதலும் புத்தம் புதுசு! என்ன வரும்னு எனக்கே தெரியாது!"

"எனக்குத் தெரியும்," என்று எழுந்தேன். "முதல் மோதல்ல ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு துகள்."

என் மனைவியின் தம்பி அங்கேதான் கருவிப் பொறியாளன்; நிரல் ஓடிய கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், மானத்தை வாங்காதீங்க. உட்காருங்க."

"நீயே திரையைப் பார்த்து வாசிடா."

வாசித்தான். அதே எண். "குருட்டாம்போக்குல அடிச்சுட்டீங்க."

"அடுத்தது தொள்ளாயிரத்து மூணு. அதுக்கடுத்தது வெறும் பதினேழு. ஓரமா உரசிட்டு ஓடிடும்."

மைத்துனன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தான். அரங்கில் கொசுகூடச் சிறகை மடித்து உட்கார்ந்துவிட்டது. மயிலின் நெற்றி வியர்வையில் கப்பலே விடலாம்.

நிரலில் பிழை தேடும்போது, ஒவ்வொரு மோதலையும் தீர்மானிக்கும் தற்செயல் எண்கள் தொடங்கும் இடத்தைப் பூட்டி வைப்போம். அப்போது அதே மோதல்கள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும்; வாய்ப்பாடு மாதிரி எனக்கு மனப்பாடம். உண்மையில் ஓட்டும்போது பூட்டைத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் நூறு கணினிகளில் ஓட்டினாலும் ஒரே மோதல் வரிசையின் நூறு நகல்தான்.

"என்ன மயிலாரே, பூட்டைத் திறக்க மறந்துட்டீங்களா?"

"எந்தப் பூட்டு?" என்றது மயில்.

சிரிப்பில் கூரை ஒரு முழம் எழும்பி இறங்கியது. குழுத் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. என் மைத்துனனிடம் திரும்பினார். "தம்பி, திரையைப் பார்த்தது நீங்க. இவர் சொன்ன எண்கள் நிஜமாவே வந்துச்சா?"

அவன் மயிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வந்துச்சு மேடம். மூணும் அத்தான் சொன்னபடியே வந்துச்சு."