ஓசையில்லாத இடைவெளி

ரேடியோ வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறான் என்று மேலாளர் சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. பார்வையில்லாத அவன், கணினி வாசிப்பதைக் கேட்டே இணையப் பக்கங்களைக் கட்டுபவன். எந்நேரமும் காதில் கருவி இருப்பதால் ரேடியோ என்று பெயர். தனக்குத் தானே வைத்துக்கொண்டது.

அதுவரை அந்த வாரம் முழுக்க அவள் தலைகால் புரியாத மகிழ்ச்சியில் இருந்தாள். பக்க வார்ப்புருக்களை எழுத அவள் உருவாக்கிய சுருக்க முறையை அலுவலகமே கொண்டாடியது. பெட்டி, பத்தி என்று ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் திறக்கும் குறி, முடிவில் மூடும் குறி என்று போட்டு மாளாமல் கிடந்தவர்கள். அவள் முறையில் மூடவே வேண்டாம். ஒரு வரி இன்னொன்றுக்குள் அடங்கினால் சற்று உள்ளே தள்ளி எழுதினால் போதும். ரேடியோவும் “நல்லா இருக்குக்கா” என்றுதான் சொல்லியிருந்தான்.

நேரே அவன் மேசைக்குப் போனாள்.

“எதுக்குடா போற?”

அவன் கருவியைக் கழற்றி நீட்டினான். அவள் தன் வரிகளைக் கேட்டாள். பெட்டி, பத்தி, படம், பத்தி. எது எதற்குள் என்று ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே தள்ளிய இடைவெளிக்கு ஓசையே இல்லை.

“மூடுற குறிதான் எனக்குச் சுவரு. அதத் தடவிக்கிட்டே போவேன். இப்ப எல்லாம் வெட்டவெளி.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. என் ஒருத்தனுக்காக எப்படிக்கா...”

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வரிக்கு முன்னால எத்தனை புள்ளி இருக்கோ, அவ்வளவு உள்ளன்னு வெச்சா?”

“ஏழு புள்ளிய வரிக்கு வரி கேட்டா காது என்னத்துக்கு ஆகும்? நம்பரா போடுங்க.”

ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அது எத்தனை அடுக்கு உள்ளே என்று எண் போட்டார்கள். அழகு கெட்டுவிட்டது என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள். மறுநாள் அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சலில் வந்த வார்ப்புரு வழியில் இடைவெளியெல்லாம் அழிந்து, எல்லா வரியும் ஓரத்தோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. எண்களைப் பார்த்தே சரிசெய்தார்; அதன்பின் முணுமுணுப்பு இல்லை.

மாற்றல் வேண்டாம் என்று ரேடியோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

“ரொம்ப நன்றிக்கா.”

“நான்தான்டா சொல்லணும். அரைகுறையா முடிச்சிட்டு, முடிஞ்சதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அவன் சிரித்துவிட்டுக் கருவியை மாட்டிக்கொண்டான். அவள் தன் இடத்துக்குப் போகாமல் நின்றாள். அவன் ஒரு கை விசைப்பலகையில் இருக்க, மறு கை எண் ஏற ஏறக் காற்றில் உயர்ந்து, இறங்க இறங்கத் தாழ்ந்து, அவள் கட்டிய பக்கத்துக்குள் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது.