பேரு வெளிய வராது

எரிவாயு ஆலையில் கசிவைக் காட்டும் அலாரத்தை அணைத்துவைக்கும்படி ஆபரேட்டரிடம் சொன்னதே மேலாளர்தான். உற்பத்தி நிற்கக் கூடாதாம். அணைத்துவிட்டாலும் மனசு கேட்காமல் ஆபரேட்டர் அதைத் தங்கை கணவரிடம் சொன்னான். அவர் அதே கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி.

"எழுதிக் குடுங்க மச்சான். உங்க பேரு வெளிய வராது, நான் பாத்துக்கறேன்."

நம்பி எழுதிக் கொடுத்தான். பத்தாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் சொல்லாமல் தானாகவே அலாரத்தை அணைத்தது ஆபரேட்டர்தான் என்றது அறிக்கை. அடியில் தங்கை கணவரின் கையெழுத்து.

"என்ன மாப்பிள்ளை இது?"

"எனக்கும் குடும்பம் இருக்குல்ல மச்சான்."

"அந்தக் குடும்பம் என் தங்கச்சிதானே?"

அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆபரேட்டர் வெளியேறினான். வாசலில் தங்கையிடமிருந்து போன் வந்தது. அது அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தான்.