வாண்டு ஓட்டிய விமானம்

தம்பிக்கு விடுமுறை என்றால் விமானம்தான். குழாய்க் கம்பெனியில் வாரம் முழுக்கக் கணக்கு எழுதுகிற மனுஷன், ஞாயிறு வந்துவிட்டால் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து வரிசையாக நிறுத்திவைப்பான். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. உள்ளதை உள்ளபடி செய்வதெல்லாம் கத்துக்குட்டிகளின் வேலையாம். இவன் சேர்ந்திருந்தது 'அப்படி நடந்திருந்தால்' குழு. ஒரு நாட்டிடம் ஒருநாளும் இருந்திராத விமானத்தை அது வாங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, அந்த நாட்டுச் சின்னத்தைச் சிறகில் ஒட்டி, கூடவே ஒரு கதையும் எழுதி வைப்பார்கள். நாடே இல்லாவிட்டாலும் கவலையில்லை, அதையும் உண்டாக்கிக்கொள்வார்கள்.

அக்காவுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள் அவள். வீட்டுக்கு வந்தால் காலை நீட்ட இடம் கிடைத்தால் போதும். குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, பசையை மோந்துகொண்டு கிடக்கிறான், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். போரில் எல்லாம் போய், போட்டது போட்டபடி ஊரைவிட்டு வந்தவளுக்கு இடம் கொடுத்தவன் அவன்தான். அதை அவள் மறந்ததில்லை. அவனும் மறக்க விட்டதில்லை.

அந்த ஞாயிறு அவளைக் கூப்பிட்டான். "அக்கா, இங்க வா. கண்ணை மூடிக்கிட்டு வா."

"கண்ணை மூடிக்கிட்டு வந்தா உன் பொம்மை மேலதான் விழுவேன். சும்மா காட்டுடா."

மேசையில் ஒரு புது விமானம் நின்றது. மேல்பக்கம் மண் நிறமும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக அடித்திருந்தான். சிறகில் மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் நீல மீன்கொத்தி. "நம்ம விமானப்படைச் சின்னம். நானே வரைஞ்சேன்," என்றான். நம்மிடம் ஏது விமானப்படை? அந்தப் போரில் நம் ஆட்கள் கையில் ஒரு காற்றாடிகூட இருந்ததில்லை. ஆனாலும் படம் அழகாகத்தான் இருந்தது. "மீன்கொத்தி நல்லா இருக்குடா," என்று அவளும் மனசாரச் சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனோ விமானத்தைத் தூக்கி, "அடியில பாரு, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு," என்று அவள் தலைக்கு மேலே பிடித்தான்.

அக்கா சட்டென்று ஓரடி பின்னால் நகர்ந்தாள். மேலிருந்து பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதை மேலிருந்து அவள் எப்போது பார்த்தாள்? வெளிறிய சாம்பல் வயிறும், காற்றை இழுக்கப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிளந்திருந்த இரண்டு வாய்களும், சிறகுக்கடியில் தொங்கிய குண்டுகளும்தான் அவளுக்குத் தெரிந்த விமானம். தம்பி போரின்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது புத்தகத்தில்தான் பழக்கம்.

"டேய், இது அதுதானே?"

"அதேதான். ஆனா இப்ப நம்மளோடது." குரலில் அப்படியொரு பெருமை. "முக்கியமானதை நீ இன்னும் பாக்கலையே. பைலட் உட்கார்ற இடத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு, படி."

குனிந்து படித்தாள். கேப்டன் வாண்டு.

வாண்டு அவள் மகன். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, ஆனால் வீடு, தெரு, மூலைக்கடைக்காரர் எல்லாருக்கும் அவன் வாண்டுதான். சட்டைப் பொத்தானை ஒருநாளும் ஒழுங்காகப் போட்டதில்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டான். ஆறு வயதில், இந்த விமானம் வந்துபோன ஒரு காலையில் போய்விட்டான்.

"இருந்திருந்தா இப்ப இருபத்தெட்டு வயசுக்கா," என்றான் தம்பி. "பைலட் ஆகியிருப்பான்னு கதை எழுதியிருக்கேன். குழுவுல போட்டோ போட்டேன், பாத்தவங்க அழுதுட்டாங்க. அடுத்த வாரம் கண்காட்சி. நீயும் வரணும்."

பெயருக்குக் கீழே சின்னச் சின்னதாகக் கறுப்பாக ஒரு வரிசை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "இது என்னடா, எறும்பு ஊர்ற மாதிரி?"

"குண்டுக்கா. ஒரு தடவை போய்ப் போட்டுட்டுப் பத்திரமா திரும்பி வந்தா ஒண்ணு வரைஞ்சுக்குவாங்க. நிறைய நாட்டுல அப்படி ஒரு வழக்கம்."

"வாண்டு போட்டதா?"

"கதையிலதானேக்கா."

"கீழ யாருடா இருந்தாங்க?"

மீன்கொத்தியின் அலகு இடப்பக்கம் பார்க்க வேண்டுமா, வலப்பக்கம் பார்க்க வேண்டுமா என்று நாள்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள்! "எதிரிங்க," என்றான் கடைசியில்.

"நெனைக்கிறதுன்னு உட்கார்ந்தப்புறம் உனக்கு இதுதான் கெடைச்சுதா?" என்றாள் அக்கா. "அன்னைக்கு மழை பெஞ்சு, அந்தச் சனியன் கிளம்பவே இல்லைன்னு நெனைச்சிருக்கலாம். என் புள்ள லாரி ஓட்டுறான், பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு என்னை எதிர்த்துப் பேசுறான்னு நெனைச்சிருக்கலாம். நெனைக்கிறதுக்கு என்ன காசா பணமா? அவனைக் கொன்னதுலயே ஏத்தி உட்கார வெச்சிருக்கியே, பாவி!"

தம்பிக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "நான் அவனுக்கு மரியாதை பண்றேன். நீ இத்தனை வருஷமா என்ன பண்ணே? அழுதே, அவ்வளவுதானே? பிடிக்கலைன்னா இந்தா, நீயே சுரண்டிடு!" என்று பிளேடை எடுத்து நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். முனையை 'வா'வின் மேல் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. வாண்டுவுக்குக் கல்லறை கிடையாது. தெருவில் செத்த எல்லாரோடும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பள்ளிக்கூடமே எரிந்துபோனபின் பள்ளிக்கூடத்துப் பெயர் எங்கே மிஞ்சும்? உலகத்தில் அவன் பெயர் எழுதியிருக்கிற ஒரே இடம் இந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக்தான். பெற்றவள் தன் கையால் அதை எப்படிச் சுரண்டுவாள்? அவளால் முடியவில்லை. பிளேடைக் கீழே இறக்கி, அந்தக் கறுப்புக் குண்டுகளை ஒன்று விடாமல் வறட்டு வறட்டென்று சுரண்டித் தள்ளினாள்.

"ஐயோ, அக்கா!" தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். அப்புறம் பிளேடை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு, மேசையில் விழுந்த தூளைத் துடைத்தான். புரிந்துகொண்டான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அந்த வாரம் முழுக்க இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

ஆனாலும் கண்காட்சிக்குப் போனாள். பெயரை அத்தனை பேர் நடுவில் தனியாக விட அவளுக்கு மனசு வரவில்லை. வாடகைக்கு எடுத்த கூடத்தில் நீள நீள மேசைகள் போட்டு, நடக்காத போர்களின் விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். வயசான ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். பல்லுக்குள் பார்க்கிற மாதிரியே ஒவ்வொரு விமானத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். தம்பியின் விமானத்துக்கு முன்னால்தான் நல்ல கூட்டம்.

அக்கா இடித்துக்கொண்டு கிட்டே போனாள். குண்டுகள் திரும்ப வந்திருந்தன. சுரண்டிய இடத்தில் பச்சையைத் தடவி, மிச்சமிருந்த ஸ்டிக்கரை வெட்டி ஒட்டியிருக்கிறான், படுபாவி. முன்பு ஒரு வரிசைதான் இருந்தது. இப்போது கீறல்களை மறைக்க இரண்டு வரிசை.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவனைத் தேடித் திரும்பினாள். அதற்குள் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குழுவில் யாரோ ஒருவருடைய மனைவி. இந்தக் குழுவின் கதையெல்லாம் கற்பனை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. விமானத்துக்குப் பக்கத்தில் தம்பி எழுதிவைத்திருந்த கதை அட்டையைப் படித்து அப்படியே நம்பிவிட்டாள்.

"நீங்கதான் கேப்டனோட அம்மாவா? உங்க தம்பி காட்டினார். ஒரு குண்டுன்னா ஒரு தடவை போய்ட்டு வந்ததாமே, என் வீட்டுக்காரர் சொன்னார். இத்தனை தடவை போயும் புள்ள பத்திரமா வீடு திரும்பியிருக்காரே! குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

இல்லை என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பெண் முகத்தில் துளி கள்ளம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. கண் தானாக அந்த வரிசைக்குப் போயிற்று. முதல் குண்டுக்கு வாண்டு வாசலில் வந்து நின்றான். அடுத்ததற்குப் பசிக்குதும்மா என்றான். அதற்கடுத்ததற்குச் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடிவந்தான். முதல் வரிசை முடிந்தும் அவன் நிற்கவில்லை, இரண்டாவது வரிசையிலும் வந்துகொண்டே இருந்தான்.

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "ஒரு தடவைகூடத் தவறாம வந்துட்டான்."

பின்னால் வந்து நின்ற தம்பி அதைக் கேட்டுவிட்டான். அவன் கண் கலங்கிவிட்டது. மெல்ல அவள் தோளில் கை வைத்தான். அந்தக் கையை உதறித் தள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உதறுவாள்? கீழே யார் இருந்தார்கள் என்று அவனைக் கேட்டவள், எண்ணிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் தன்னை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது வரிசை ஒன்று ஒட்டியிருந்தால் அதையும் எண்ணியிருப்பாள்.