முந்நூறு கிராம் மானம்

இருபத்தாறு வயது மகள் குத்துச்சண்டைக்குப் போவதை ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர் ஆறு வருடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழாவது வருடம், போவதுதான் போகிறாள், துணையில்லாமல் போகக்கூடாது என்று இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு கூடவே கிளம்பிவிட்டார். அன்று தேசிய அணிக்கான தேர்வு. காலை ஒன்பதுக்குள் ஐம்பத்தேழு கிலோவுக்கு மேற்படாமல் எடை காட்ட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

எடை அறை முழுக்க ஆண்கள். பெண்கள் என்று மகளும், எதிராளிப் பெண்ணும், எடை பார்க்கும் டாக்டரம்மாவும்தான்.

"அப்பா ரிங்குக்குள்ளயும் வருவாராக்கா?" என்றான் ஒரு தடியன்.

"வருவார். நீ விழுந்தா பத்து வரைக்கும் எண்ணணுமில்ல?" என்றாள் மகள்.

அவள் தராசில் ஏறினாள். ஐம்பத்தாறு கிலோ தொள்ளாயிரம் கிராம். எடையைக் குறிக்கச் சங்கச் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"நிறுத்துங்க!"

முப்பத்தொரு வருடம் கடை கடையாகத் தராசு சோதித்தவர் ஆய்வாளர். குனிந்து பார்த்தார். தராசின் இரண்டு கால்கள் தரையில், இரண்டு கால்கள் கம்பளத்தில்.

"இந்த எடை செல்லாது."

"சார், உங்க பொண்ணுதான் தேறிட்டாங்களே!"

"அதனாலதான் சொல்றேன். கோணத் தராசுல தேறிட்டு எங்க வீட்டுப் பொண்ணு வீட்டுக்கு வரமாட்டா."

"வருவேம்பா," என்றாள் மகள் பல்லைக் கடித்தபடி. "தாராளமா வருவேன்."

கம்பளத்தை உருவினார்கள். மறுபடி ஏறினாள். ஐம்பத்தேழு கிலோ இருநூறு.

மணி எட்டு. வியர்த்து எடை குறைய மகள் ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டு கயிறு தாண்டத் தொடங்கினாள். ஏற்கெனவே தேறியிருந்த ஆண்களில் நான்கு பேர் புது எடையில் தேறாமல் பக்கத்திலேயே குதித்தார்கள். குதிக்கும்போதெல்லாம் ஆய்வாளரை முணுமுணுப்பாக வாழ்த்தினார்கள். அவர் முதுகை வளைக்கவில்லை.

"தண்ணி வேணுமாம்மா?"

"எதுவும் குடுத்துடாதீங்கப்பா. யோசனைகூட."

எட்டு ஐம்பத்தைந்துக்கு இன்னும் ஐம்பது கிராம் பாக்கி.

"உடுப்பக் கழட்டிட்டு ஏறலாம், விதியில இடம் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "துண்டு மறைச்சுப் பிடிக்க ஆள் வேணும். நான் எடையப் பாக்கணும்."

பிடிக்க வேறு பெண் இல்லை. எதிராளிப் பெண் புது எடையிலும் தேறி எப்போதோ கிளம்பிவிட்டாள். ஆய்வாளரின் முகம் கறுத்தது.

"எல்லாரும் வெளிய போங்க!"

ஒரு காலத்தில் கடைகளைப் பூட்ட வைத்த குரல் அது. தடியன்கள் ஓடினார்கள்; செயலாளரும் ஓடினார். ஆய்வாளர் கதவைச் சாத்தி, தராசுக்கு முதுகு காட்டி, இரு கைகளிலும் துண்டை விரித்துப் பிடித்து, கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். பின்னால் தராசுத் தட்டு லேசாக முனகியது.

"ஐம்பத்தேழு," என்றார் டாக்டரம்மா. "கச்சிதமா ஐம்பத்தேழு."

ஆய்வாளரின் கழுத்து ஒரு நூல் திரும்பியது. "அம்மா, ஏறுறதுக்கு முன்னாடி பூஜ்யம் காட்டுச்சான்னு..."

"அப்பா!"

கழுத்து நேரானது. தாம் கண்ணால் காணாத ஓர் எடையை அவர் வாழ்வில் முதல்முறையாக விழுங்கிக்கொண்டார்.

"எழுதிக்கோங்க!" என்றார், மூடிய கதவைப் பார்த்து.