பித்தளை உதடு

"ரெண்டு ஓட்டையும் ஒண்ணாத்தானே இருக்கு? இதுக்குள்ள மட்டும் ஏம்மா போக மாட்டேங்குது?"

மகள் கிரெட்டா சின்னவளாக இருந்தபோது கேட்டது. ஆர்டிஸுக்கு அப்போது பதில் தெரியவில்லை. வேட்டைக்காலம் தொடங்குமுன் கராஜில் கணவர் லைல் பழைய கூடுகளில் மறுபடி மருந்தடைத்துத் தோட்டா கட்டுவார். ரேடியோவில் பனி எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். தாயும் மகளும் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைத் துடைத்துக் கொடுப்பார்கள். லைல் மகளின் விரலைப் பிடித்து, கூட்டின் அடியில் பிரைமர் என்ற சின்ன வெடிமூடி உட்காரும் குழியில் வைத்தார்.

"கண்ணால பார்த்தா ஏமாத்தும் கண்ணு, தடவிப் பாரு. இது பட்டாளத்துக் கூடு. பிரைமர் கழண்டு விழாம இருக்க விளிம்பை உள்ளே நசுக்கியிருக்காங்க. அந்த உதட்டைச் சுரண்டி எடுத்தாத்தான் புதுசு உட்காரும்."

அந்த நாட்களை நினைத்தால் ஆர்டிஸுக்கு இன்றும் விரலில் பித்தளை மணக்கும்.

லைல் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இரண்டிலும் அவளுடைய ஃப்ரீசர் காலியாகவில்லை. வெள்ளைத்தாளில் சுற்றிய மான் இறைச்சி, அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நிறைந்தது. பக்கத்து வீட்டு ஹார்லன் பொட்டலம் கட்டும் விதம் அவளுக்குத் தெரியாதா? நன்றி சொல்லப் போனால், "என்ன இறைச்சி? கரடி ஏதாவது கொண்டுவந்து வெச்சிருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த அக்டோபரில் ஆப்பிள் பை செய்து எடுத்துப்போனாள். ஹார்லன் தன் கராஜில் தோட்டா கட்டும் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தார். பிரைமர் பாதியில் சிக்கி நசுங்கியிருந்தது.

"மெஷின் நல்லாத்தான்பா இருக்கு. உங்க கைதான் ரிட்டயர் ஆயிடுச்சு," என்றான் மகன் கர்ட்.

"போடா. போன வருஷம் வேலிக்கம்பத்தைச் சுட்டவன்தானே நீ?"

"அது அசைஞ்சுதுப்பா!"

ஆர்டிஸ் சிரித்தாள். ஹார்லன் சிரிக்கவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் அவர் விரல்நுனிகள் மரத்துப்போனது ஊருக்கே தெரியும். அதை அவரிடம் பேசக்கூடாது என்பதும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு தடவை பார்ப்பேன். அப்பவும் நசுங்கினா மலைக்குப் போறதை இத்தோட விட்டுர்றேன். துப்பாக்கியை இவனே வெச்சுக்கட்டும்."

ஆர்டிஸ் டப்பாவிலிருந்து ஒரு கூட்டை எடுத்துக் குழியைத் தடவினாள். உதடு இருந்தது. அடுத்ததில் இல்லை. மூன்றாவதில் இருந்தது. சுரண்டியதும் சுரண்டாததும் கலந்துவிட்டன. மரத்த விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லிவிடலாம், ஆனால் மகன் நிற்கிறான்.

"பை ஆறுது, சாப்பிடுங்க," என்றாள்.

ஞாயிறு மதியம் தேவாலயத்தில் அறுவடை விருந்து. பாத்திரம் கழுவ எப்போதும் ஹார்லன்தான் முதல் ஆள். கர்ட்டும் கூடவே போய்விட்டான். "தலைவலி, பின்னால வர்றேன்" என்று ஆர்டிஸ் சொல்லி அனுப்பினாள். அந்தப் பொய்க்கு ஆண்டவரிடம் மன்னிப்பும் அப்போதே கேட்டுக்கொண்டாள்.

அந்தத் தெருவில் யாரும் கராஜைப் பூட்டுவதில்லை. லைலின் சுரண்டியைக் கோட்டிலிருந்து எடுத்து, ஹார்லனின் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கூடாகத் தடவினாள். உதடு தட்டுப்பட்டவற்றில் சுரண்டியை மெல்லத் திருகினாள். அதிகம் திருகினால் குழி தளர்ந்துவிடும். மணிக்கட்டு வலித்தபோது கொஞ்சம் ஜெபித்தாள், பிறகு தொடர்ந்தாள்.

கடைசிக் கூடும் வழவழவென்று ஆனதும் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். மேசையில் சிதறியிருந்த பித்தளைத் துகளை உள்ளங்கையால் கூட்டி அள்ளித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.